தொழுவத்தில் மாடு நின்றால் மூளைக்காய்ச்சல் வருமா?

வாசகர் கேள்வி: சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டின் பின்சுவரை ஒட்டித் தொழுவம். இரண்டு கறவை மாடுகளும் ஒரு கன்றும் நிற்கின்றன. தொழுவத்தைத் தாண்டினால் வயல். பிசான நடவு தொடங்கியதிலிருந்து பொழுது சாய்ந்தால் கொசு தாங்க முடியவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பையனுக்கு மூளைக்காய்ச்சல் கண்டு பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாட்டுக்காகத்தான் அந்தக் கொசு வருகிறது, விற்றுவிடு என்கிறார் என் அண்ணன். மாடு நிற்பதால்தான் கொசு அதைக் கடிக்கிறது, விற்றால் பிள்ளைகளைக் கடிக்கும் என்கிறார் என் அத்தை. குளத்துக்கரை மரங்களில் அடையும் கொக்குகள்தாம் நோயைக் கொண்டுவருகின்றன, மரங்களை வெட்ட வேண்டும் என்றும் ஊரில் பேச்சு நடக்கிறது. எனக்கு ஆறு வயதில் ஒரு மகளும் எட்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறார்கள். நான் என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

மாடுகளை விற்க வேண்டாம். மரங்களை வெட்டுவதற்கும் இசைய வேண்டாம். ஆனால் தொழுவம் வீட்டுச் சுவரை ஒட்டி இருப்பது சரியல்ல. அதை அங்கிருந்து நகர்த்துவதும், கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தடுப்பூசி பற்றிக் கேட்டறிவதும் நீங்கள் செய்ய வேண்டிய வேலைகள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் அண்ணனும் அத்தையும் சொல்வதில் இருவர் பக்கமும் உண்மை இருக்கிறது. அந்தக் கொசு எப்படி வாழ்கிறது, யாரைக் கடிக்கிறது என்பது தெரிந்தால்தான் இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு முடிவுக்கு வர முடியும்.

முதலில், உங்கள் வீட்டில் கடிக்கும் கொசு ஒரே இனம் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். பகலில் கணுக்காலைத் தேடிக் கடிப்பது ஏடிஸ் எஜிப்தி. அது குடங்களிலும் டிரம்களிலும் தொட்டிகளிலும் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் வளரும். ஏறக்குறைய முழுவதும் மனித ரத்தத்தையே நம்பி வாழும். 2012-இல் கடையநல்லூர் வட்டாரத்தை வாட்டிய டெங்குவைப் பரப்பும் கொசு அதுதான். நள்ளிரவில் படுக்கையறைக்குள் வந்து கடிப்பது பெரும்பாலும் சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ். யானைக்கால் நோயோடு தொடர்புடையது. மாடுகளை நீங்கள் விற்றாலும் இவை இரண்டும் வீட்டை விட்டுப் போகப் போவதில்லை. நீங்கள் அஞ்சுகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சலை முதன்மையாகப் பரப்புவது மூன்றாவது ஒன்று: கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ். சிறிய உடல், கரும்பழுப்பு நிறம்; உறிஞ்சுகுழலின் நடுவில் ஒரு வெளிர்நிற வளையம் இருக்கும். அதன் நெருங்கிய உறவான விஷ்ணுயி என்னும் இனமும் கூடவே திரியும். நெல் வயல்தான் இவற்றின் பிறப்பிடம்.

தாமிரபரணிப் பாசனத்தில் நடவு முடிந்து, பயிர் இன்னும் மூடாமல் வெயில் தண்ணீரில் விழும் அந்த முதல் சில வாரங்கள்தாம் இக்கொசுவுக்கு மிகவும் உகந்த காலம். பெண் கொசு தண்ணீரின் மேல் தெப்பம்போல் ஒட்டிக்கொண்ட முட்டைகளை இடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் புழு கூட்டுப்புழுவாகிப் பறந்துவிடும். பயிர் தழைத்து நிழல் கவிந்ததும் புழுக்களின் எண்ணிக்கை தானாகக் குறையும். பிசான நடவுக்குப் பின் கொசு தாங்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. கார் பருவத்திலும் இதே நிலை சிறிய அளவிலாவது இருந்திருக்கும், கவனித்துப் பாருங்கள்.

பகல் முழுவதும் இக்கொசு வரப்போரப் புல்லிலும் செடிகொடிகளிலும் பதுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரத்தில் எழும்; இரை தேடி ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். கடிப்பது பெண் மட்டுமே, அதுவும் முட்டை வளர்வதற்காக. மூச்சில் வெளிவரும் கரியமில வாயு, உடற்சூடு, தோலின் வாடை ஆகியவற்றை வைத்து உயிரைத் தேடிவரும் அதற்கு, வயல் வெளியின் ஓரத்தில் நிற்கும் ஒரு மாடு மனிதரைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய அழைப்பு. வீட்டுக்குள் நுழைந்து கடிப்பதைவிட வெளியில் கடிப்பதையே அது விரும்பும். வயிறு நிறைந்ததும் சுவரில் தங்காமல் பெரும்பாலும் செடிகளுக்குத் திரும்பிவிடும். அதனால்தான் மலேரியாவுக்குச் செய்ததுபோல வீட்டுச் சுவரில் மருந்தடித்து இக்கொசுவைக் கட்டுப்படுத்த முடிவதில்லை.

இது மாட்டைத்தான் கடிக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம் என்று உங்களுக்குத் தோன்றலாம். பூச்சியியல் பணியில் இருப்பவர்கள் அந்தி நேரத்தில் டார்ச்சும் உறிஞ்சுகுழாயும் எடுத்துக்கொண்டு தொழுவங்களையும் புதர்களையும் சுற்றி, ரத்தம் குடித்து வயிறு சிவந்திருக்கும் கொசுக்களைப் பிடிப்போம். வயிற்று ரத்தத்தை வடிதாளில் ஒற்றியெடுத்து, மாடு, பன்றி, பறவை, மனிதர் என ஒவ்வொன்றின் ரத்தத்தையும் இனம்காட்டும் சீரத்தோடு சேர்த்துச் சோதித்தால், அது யாருடைய ரத்தம் என்பது தெரிந்துவிடும். தொழுவத்தில் மட்டும் கொசு பிடித்தால் மாட்டு ரத்தம்தான் கிடைக்கும் என்பதால், தொழுவத்துக்கு வெளியே செடிகளில் பதுங்கியிருப்பவற்றையும் சேர்த்தே சோதிப்பது முறை. தமிழ்நாட்டில் இவ்வகை ஆய்வுகளை, 1985 முதல் மதுரையில் இயங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் பல ஆண்டுகள் செய்தது. எங்கே பிடித்துப் பார்த்தாலும் இக்கொசுவின் வயிற்றில் பெரும்பங்கு மாட்டு ரத்தமாகவே இருந்தது. பன்றியின் ரத்தம் குறைவு. மனித ரத்தம் அதனினும் குறைவு.

இனி நோயின் பாதைக்கு வருகிறேன். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக அறியப்பட்டது நம் மாநிலத்தில்தான், 1955-இல், வேலூர் வட்டாரத்தில். அதன் வைரஸ் கொக்கு, மடையான், வக்கா போன்ற நீர்ப்பறவைகளின் உடலிலும் பன்றியின் உடலிலும் பெருகும். அவற்றின் ரத்தத்தில் சில நாட்கள் ஏராளமாக ஓடும். அந்த நாட்களில் கடிக்கும் கொசு வைரஸை எடுத்துக்கொள்கிறது. உடனே அதனால் நோயைக் கொடுக்க முடியாது. வைரஸ் கொசுவின் குடலைத் தாண்டி, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடைய ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் மடிந்துவிடும். உயிரோடு மிஞ்சியது அதன்பின் யாரைக் கடிக்கிறதோ அவருக்கு வைரஸ் செல்லும்.

மாட்டின் உடலிலும் இந்த வைரஸ் நுழையும். ஆனால் அங்கே அது போதிய அளவு பெருகுவதில்லை. மாட்டுக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகும், அவ்வளவுதான். மாட்டைக் கடித்த கொசு அதனிடமிருந்து நோயைப் பெறாது. மனிதரும் அப்படியே: நோயுற்ற குழந்தையைக் கடித்த கொசு மற்றொரு குழந்தைக்கு நோயைக் கொண்டுபோவதில்லை, தொட்டாலோ கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ இது ஒட்டுவதும் இல்லை. மாட்டுப் பால் வழியாக வருமோ என்ற கலக்கமும் வேண்டாம். காய்ச்சிய பாலைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

இங்கேதான் உங்கள் அத்தை சொல்வதில் உள்ள உண்மை தெரிகிறது. ஒரு கொசு தன் வாழ்நாளில் சில தடவைதான் ரத்தம் குடிக்கிறது. நோய் மனிதரை வந்தடைய வேண்டுமானால், முதலில் அது வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பறவையையோ பன்றியையோ கடித்திருக்க வேண்டும், பிறகு ஒன்றிரண்டு வாரம் பிழைத்திருக்க வேண்டும், அதன்பின் மனிதரைக் கடிக்க வேண்டும். பத்தில் ஒன்பது தடவை மாட்டிடமே போய்விடும் கொசுவுக்கு இந்த மூன்றும் வரிசையாக நேர்வது அரிது. மாட்டு ரத்தத்தால் நிறையும் ஒவ்வொரு கொசு வயிறும் வைரஸுக்குப் பயன்படாத ஒரு கடி. டெங்குக் கொசு பெரும்பாலும் மனிதரையே திரும்பத் திரும்பக் கடிப்பதையும், அதனால் அந்நோய் தெருவுக்குத் தெரு எரிந்துகொண்டே போவதையும் இதோடு ஒப்பிட்டால், மாட்டை விரும்பும் இந்தப் பழக்கம் நமக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கும்.

ஆனால் அண்ணன் சொல்வதும் வெறும் அச்சமல்ல. மாட்டு ரத்தம் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதால்தான் இக்கொசு இத்தனை முட்டைகளை இடுகிறது. கோடிக்கணக்கில் கொசு பெருகிய ஊரில், அவற்றுள் மிகச் சிறு பங்கு மனிதர் பக்கம் திரும்பினாலும் அது சிறிய எண்ணிக்கையாக இருக்காது. மேலும், மாட்டின் வாடைக்கு ஈர்க்கப்பட்டுத் தொழுவம்வரை வந்த கொசு, பக்கத்திலேயே திண்ணையில் ஒரு குழந்தை படித்துக்கொண்டிருந்தால் அதையும் கடித்துவிட்டுத்தான் போகும். கால்நடையைக் காவலாக நிறுத்தும் யோசனை மலேரியாவுக்காகப் பல நாடுகளில் ஆராயப்பட்ட ஒன்று. பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு, மாடு வைத்திருக்கும் குடும்பங்களில் மலேரியா குறையவில்லை, கூடுதலாகவே காணப்பட்டது என்று 1995-இல் தெரிவித்தது. அந்தக் கொசு வேறு, அந்த நோய் வேறு. எனினும் வீட்டோடு சேர்த்துக் கட்டிய மாடு காவலாகாது என்ற பாடம் நமக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே கேள்வி மாடு இருக்கலாமா கூடாதா என்பதல்ல. எங்கே நிற்க வேண்டும் என்பது. நடவு முடிந்து கொசு உச்சத்தில் இருக்கும் இந்த நேரத்தில் மாடுகளைத் திடீரென்று அப்புறப்படுத்தினால், வயலில் ஏற்கெனவே பிறந்துவிட்ட கொசுக்கள் பசியோடு அடுத்த உயிரைத் தேடும்; அது உங்கள் வீடாக இருக்கும். அதனால் விற்பது என்று எப்போதாவது நீங்கள் முடிவெடுத்தாலும் இந்த மாதங்களில் செய்யாதீர்கள். மாடுகளை வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில், வயல் பக்கமாக, வீட்டிலிருந்து உங்கள் நிலம் இடம்கொடுக்கும் தொலைவுவரை தள்ளிக் கட்டுங்கள். புதிதாகக் கொட்டகை போடப் பணம் இல்லையென்றால் அந்தியிலிருந்து விடியும்வரையாவது கட்டுத்தறியை மாற்றிவிடுங்கள். படப்புக்குப் பக்கத்தில் மேடான இடம் இருந்தால் நல்லது. களவு பயத்தில் மாட்டுக்குக் காவலாகத் தொழுவத்திலேயே கட்டில் போட்டுப் படுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிப் படுப்பவர் கொசுவலை இல்லாமல் ஒரு நாளும் படுக்கக் கூடாது. கோமியமும் கழுவிய நீரும் தேங்கும் பள்ளங்களை மண்ணிட்டு மேவுங்கள். அந்த அழுக்கு நீரில் வேறு கியூலெக்ஸ் இனங்கள் வளரும், அவற்றுள் ஜெலிடஸ் என்ற ஒன்று இதே வைரஸைச் சுமக்கக்கூடியது. மாட்டின் மேல் பூச்சிமருந்து தடவிக் கொசுவைக் கொல்லும் முறையும் உண்டு. ஆனால் பால் கறக்கும் மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லாமல் எதையும் தடவாதீர்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, இரவு ஒன்பது மணிக்குக் கொசுவலைக்குள் அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இக்கொசு சுறுசுறுப்பாக இருப்பது அந்தி மயங்கியதும். அந்த நேரத்தில் உங்கள் மகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டோ, திண்ணையில் பாடம் எழுதிக்கொண்டோ இருப்பாள். நடவு முதல் பயிர் மூடும்வரையுள்ள வாரங்களில் மட்டுமாவது அவளை விளக்கு வைக்குமுன் உள்ளே அழைத்துக்கொண்டு, கையையும் காலையும் மூடும் உடை போட்டுவிடுங்கள். சன்னல்களுக்கு வலை அடித்துக்கொள்ளுங்கள். புழுக்கத்துக்காகத் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) படுப்பதாக இருந்தால் வலையையும் அங்கே கொண்டுபோங்கள். கைக்குழந்தைக்குக் குடைபோல் விரியும் சிறிய வலை போதும், பகல் தூக்கத்துக்கும் அதையே பயன்படுத்தினால் ஏடிஸ் கொசுவிலிருந்தும் காப்பு. வேப்பிலை, நொச்சி போட்டு மூட்டம் இடும் பழக்கத்தை அத்தை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். புகை இருக்கும்வரை கொசு சற்று விலகும் என்பது உண்மைதான். ஆனால் தொழுவத்தில் இட்ட புகை, மாட்டை விட்டு விலகிய கொசுவை வீட்டுப் பக்கம் திருப்பக்கூடும். கைக்குழந்தை இருக்கும் அறைக்குள் புகை போடுவது மூச்சுக்குக் கேடு. அத்தையிடம் மரியாதையாக இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வயலில் செய்யக்கூடியவையும் உண்டு; அவை ஒரு வீட்டால் முடியாது, வாய்க்கால் பாயும் அத்தனை பேரும் சேர்ந்தால்தான் பலன். தண்ணீரை எப்போதும் கட்டிவைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால், புழு பறக்கும் பருவத்தை அடையுமுன் வயல் காய்ந்து அது மடிந்துபோகும். இம்முறை தமிழ்நாட்டு வயல்களிலேயே சோதிக்கப்பட்டது. மேலுரமாக யூரியா இட்டதை அடுத்து வயலில் இக்கொசுவின் புழுக்கள் கூடுவதும், வேப்பம்புண்ணாக்கைக் கலந்து இட்டால் அவை குறைவதும் இங்கே நடந்த ஆய்வுகளில் தெரியவந்தவை. உங்கள் வீட்டுக்காரரோ மாமாவோ நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் இருந்தால், மருத்துவர் சொன்னார் என்று சொல்லாமல், தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். விவசாயிக்கு அந்தக் காரணமே முந்திக்கொண்டு மனத்தில் படும்.

கொக்குகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவற்றின் உடலில் வைரஸ் பெருகும் என்று மேலே நானே சொன்னேன். எனினும் மரத்தை வெட்டுவதால் நோய் விலகாது. கூடு கலைந்த பறவைகள் அடுத்த ஊர் மரத்தில் அடையும், இரைதேட அதே வயலுக்குத்தான் வரும். கடனாநதி தாமிரபரணியில் கூடும் திருப்புடைமருதூரில், கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் அடைவதை ஊரார் தாங்களே காத்துவருகிறார்கள். 2005-இல் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரங்களிலேயே பறவைகள் கூடுகட்டுவதை மக்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல சகுனமாகக் கருதுகிறார்கள். பறவை இருக்கும் ஊரெல்லாம் மூளைக்காய்ச்சல் ஊர் ஆவதில்லை. குடியிருப்புக்கு நடுவே பன்றிகள் அலைவது அதைவிடக் கவலைக்குரியது, ஏனெனில் பன்றி ஆண்டுதோறும் பல குட்டிகளை ஈனும். எதிர்ப்பு சக்தி இல்லாத ஒவ்வொரு குட்டியும் வைரஸுக்குப் புது நிலம். பன்றி வளர்ப்பவர்களிடம் சண்டைக்குப் போகாமல், குடியிருப்பைவிட்டுத் தள்ளி வலையடித்த கொட்டிலில் வைத்து வளர்க்க ஊராட்சி வழியாக இடம் பெற்றுத்தருவதே நியாயமான வழி. அது அவர்களுடைய பிழைப்பு.

பக்கத்து ஊர்ப் பையனுக்கு வந்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தானா என்பது பரிசோதனை முடிவு வராமல் தெரியாது. மூளைக்காய்ச்சல் பல கிருமிகளால் வரும். வரப்பிலும் புதரிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிகள் கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலும் மூளையைத் தாக்கக்கூடியது. அதற்கு விலை குறைந்த, நன்கு வேலை செய்யும் மருந்து இருக்கிறது. ஆகவே காய்ச்சல் குழந்தையின் அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் நுழைந்தவர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாக வெளிப்படும். ஆனால் அப்படி வெளிப்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களில் பலருக்குக் கை கால் முடக்கமோ வலிப்போ பேச்சுக் குறைவோ தங்கிவிடும். வைரஸைக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. கடும் காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால், பிள்ளை ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், கழுத்து விறைத்தால், வலிப்பு வந்தால், மந்திரிக்கவோ மருந்துக்கடையில் மாத்திரை வாங்கவோ நேரம் போக்காமல் நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 108-ஐ அழைத்தால் வண்டி வரும்.

மருந்து இல்லாத இந்நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. அரசின் தடுப்பூசி அட்டவணையில், இந்நோய் காணப்படும் மாவட்டங்களில் மட்டும், ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணையும் 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணையும் போடப்படுகின்றன. வருகிற புதன்கிழமை குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று, நம் ஒன்றியத்தில் இது போடப்படுகிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். போடப்படுவதில்லை என்றால் குழந்தைநல மருத்துவரிடம் விலைக்குப் போட்டுக்கொள்ளலாம். மகள் அட்டவணை வயதைக் கடந்துவிட்டாள் என்பதால் அவளுக்குப் போடலாமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவளது பழைய அட்டையையும் தேடி எடுத்துச்செல்லுங்கள், முன்பே போட்டிருந்தால் அதில் குறித்திருப்பார்கள்.